படத்தில் இல்லாத கயிறு

"பஸ்ஸோட கலர் சரியில்ல" என்றார் மேலாளர் ஜஸ்டின்.

அகல்யா திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இது ஆறாவது திருத்தம். முதலில் ரோட்டு நடுவில் மீடியனில் மரம் வேண்டும் என்றார். வைத்தாள். மரம் அசைந்தால் நன்றாக இருக்கும் என்றார். அசைய வைத்தாள். நிழல் கேட்டார், கொடுத்தாள். மேலே நாலு பறவை பறக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பாதி வேலை முடிந்த பிறகு அவரே வேண்டாம் என்றார். இப்போது பஸ்.

கீழ்த்தளத்தில் பவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை தகட்டை அடிக்கும்போதும் மாடியில் இவள் மேசை அதிர்ந்து, திரையில் ஓடுகிற குட்டி வண்டிகளெல்லாம் ஒரு குலுக்கு குலுங்கின. பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி. அந்தப் படத்தில் நிஜ ரோடு போல இருந்தது அது ஒன்றுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற இந்தச் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலையே இதுதான். ரோட்டில் போகிற வண்டிகளையும் ஆட்களையும் எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவள் கணினிக்குள் அந்த ரோட்டைக் கட்டி, அந்த எண்ணிக்கையை உள்ளே விட்டு ஓட்டுவாள். சிக்னல் வைத்தால் இப்படி ஆகும், பாலம் போட்டால் இப்படி ஆகும் என்று படம் ஓடும். அதிகாரிகள் பிஸ்கட் தின்றுகொண்டே பார்ப்பார்கள்.

இந்த முறை விஷயம் திருமழிசை. தொழிற்பேட்டைக்கு எதிரே பெங்களூர் நெடுஞ்சாலையின் மீடியனில் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே ஆட்கள் கடக்க சிக்னல் வைப்பதா, இல்லை வேலி போட்டு ஒரேயடியாக மூடிவிடுவதா என்பது கேள்வி. மூடினால், கடக்க ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். நாளைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டம்.

பஸ்ஸின் நிறத்தை மாற்றிவிட்டு, படத்தை மாலை ஐந்தரைக்கு நகர்த்தினாள். லாரி போனது. கார் போனது. பைக்குகள் வரிசை பிசகாமல், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மரியாதையாகப் போயின. ஆட்களைக் குறிக்கும் புள்ளிகள் தொழிற்பேட்டை வாசலிலிருந்து வந்தன. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று. ஒரு மணி நேரத்துக்குப் பதினோரு புள்ளி.

அவள் திரும்ப ஓட்டினாள். திரும்பவும் பதினொன்று.

அவளுடைய அம்மா சரசா பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேட்டையில் ரப்பர் கம்பெனியில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து சூடாக வருகிற வாஷரின் ஓரத்தைக் கத்தியால் சீவுகிற வேலை. வலது கட்டைவிரல் ரேகை அழிந்துபோய் ரேஷன் கடையில் மெஷின் அவளை யாரென்று கேட்கும். தினமும் ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டு, அதே இடைவெளியில் ரோட்டைக் கடந்துதான் நசரத்பேட்டை வீட்டுக்கு பஸ் ஏறுகிறாள். பள்ளிக்கூட லீவு நாட்களில் அகல்யாவும் அந்தக் கூட்டத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறாள். பதினோரு பேராம்.

எண்ணிய தேதியைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"இன்னாடி, வேல நேரத்துல?" பின்னால் மெஷின் சத்தம்.

"அம்மா, போன மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம நீ வேலைக்குப் போனியா?"

"அன்னிக்கு ஷட்டவுன்டி. கரண்டே இல்ல, எஸ்டேட்டே லீவு. அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெயம வரச் சொல்லி உயிர எடுத்தானுங்களே. உங்க அத்த ஊட்டு காதுகுத்துக்குப் போவ முடியாம போச்சே, மறந்துட்டியா?"

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாள். அன்று பேட்டையில் ஒரு மெஷின் ஓடாது, ஓர் ஆள் வரமாட்டார். அந்த நாளைப் பார்த்துப் பிடித்து எண்ணியிருக்கிறார்கள்.

"சாதாரணமா எத்தினி பேர்மா அங்க கிராஸ் பண்ணுவீங்க?"

"எண்ணிக்கினா நடப்பாங்க? ரப்பர் கம்பெனி, அட்டப்பொட்டி கம்பெனி, நட்டு கம்பெனி, மூணும் ஒரே நேரத்துல உடுறான். நானூறு பேரு இருக்கும். ஏன், உனுக்கு இன்னா அதுல? போன வை, சூப்பர்வைசர் மொறைக்கிறான்."

எண்ணிக் கொடுத்தவர் ஜம்புலிங்கம். ஆவடியில் இருந்துகொண்டு எல்லாக் கம்பெனிக்கும் எண்ணிக் கொடுக்கிறவர். அவருக்கும் போன் போட்டாள்.

"ஆமாம்மா, அன்னிக்கு ரோடு நல்லா ஃப்ரீயா இருந்துச்சு. கம்பத்துல கேமரா கட்டவே சொகமா இருந்துச்சு. பரவால்லியே, திருமழிசை இவ்ளோ நீட்டா கீதேன்னு நானே நெனச்சேன்."

"நெனச்சீங்களே, ஏன்னு கேட்டீங்களாண்ணே?"

"எண்ணத்தான் சொன்னாங்க. கேக்கச் சொல்லலியே."

ஜஸ்டினிடம் போனாள். அவர் நாகர்கோவில்காரர். அம்பத்தூரில் ஃபிளாட், அம்பத்தூரில் ஆபீஸ். திருமழிசையை அவர் பார்த்ததெல்லாம் அகல்யாவின் திரையில்தான்.

"செவ்வாய்க்கிழமைதானே எண்ணியிருக்கு?" என்றார். "புத்தகத்துல என்ன போட்டிருக்கு? திங்கள் வேணாம், சனி வேணாம், வாரத்தோட நடுவுல எண்ணுன்னு போட்டிருக்கு. எண்ணியாச்சு. மூணு பேர் கையெழுத்துப் போட்டாச்சு."

"அன்னிக்கு திருமழிசை எஸ்டேட் மொத்தமும் லீவு சார்."

"யாரு சொன்னது?"

"எங்கம்மா."

ஜஸ்டின் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரிப்போர்ட்ல ஆதாரங்கள்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல எங்கம்மான்னு போடட்டுமா?"

"சார், தப்பான நம்பர வெச்சி மூடச் சொல்லிடுவாங்க."

"அகல்யா, குடுத்த நம்பரை ஓட்டிக் காட்டுறதுதான் நம்ம வேலை. நம்பரை நாம பெத்துப்போட முடியாது. போயி பஸ்ஸப் பாருங்க. இப்பவும் கொஞ்சம் பளிச்சுன்னு இல்ல."

அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யாரும் சரிபார்க்காத எண்ணை உள்ளே போட்டால், ஜம்புலிங்கத்துக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனாலும் தனியாக இன்னொரு பிரதி எடுத்து, பழைய ரிப்போர்ட்டில் இருந்த வேலைநாள் வண்டிகளை ரோட்டில் விட்டு, ஐந்தரைக்கு நானூறு பேரை வாசலில் இறக்கிவிட்டுப் பார்த்தாள். புள்ளிகள் கடகடவென்று வந்து ரோட்டோரம் நின்றன. நின்றுகொண்டே இருந்தன. அந்தப் பொம்மைகளுக்கு விதி சொல்லிக் கொடுத்திருக்கிறது: வண்டி வராத நேரம் இத்தனை நொடி கிடைத்தால்தான் காலை எடுத்து வைக்கவேண்டும். பெங்களூர் ரோட்டில் சாயங்காலம் அப்படி ஒரு நொடி ஏது? ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. வண்டிகள் ஜோராகப் போயின. கீழே சிந்திய சர்க்கரையில் எறும்பு அப்பியது போல நானூறு பேரும் ஓரத்தில் கறுப்பாகக் கிடந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குக் கயிறு ஞாபகம் வந்தது.

ஏட்டு அழகேசனின் கயிறு. இடைவெளியின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம். அதில் இரண்டு தாம்புக்கயிறு கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ரோட்டின் குறுக்கே தரையோடு தரையாகப் போட்டிருப்பார். வண்டியெல்லாம் அதன்மேல்தான் ஏறி ஓடும். ஐந்தரை ஆனதும் ஏட்டு கையைக் காட்டி லாரியை நிறுத்தி, இந்தப் பக்கக் கயிற்றை இழுத்துத் தூக்குவார். பெண்கள் நடு இடைவெளி வரை போவார்கள். பிறகு ஓடிப்போய் அந்தப் பக்கக் கயிற்றைத் தூக்குவார். அவ்வளவுதான் சிக்னல். மென்பொருளில் மின்சார ரயில் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, பனி பெய்கிற வசதிகூட இருந்தது. கயிறு இல்லை.

மறுநாள் கூட்டத்தில் பதினான்கு பேர். போலீஸ் சார்பில் இன்ஸ்பெக்டர் வரவில்லை, வேறு வேலை. அவருக்குப் பதிலாக ஏட்டு அழகேசனை அனுப்பியிருந்தார்கள். கடைசி நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்திருந்தார்.

அகல்யா முதல் படத்தை ஓட்டினாள்.

"அழகா இருக்கே" என்றார் திட்ட அதிகாரி. "மரமெல்லாம் அசையுது."

ஜஸ்டின் அகல்யாவைப் பார்த்தார். பார்த்தாயா என்று அர்த்தம்.

திரையில் ஐந்தரை ஆனது. பதினோரு புள்ளிகள் கடந்தன. அதிகாரி பேனாவைத் திறந்தார். "பதினோரு பேருக்காக ஹைவேல சிக்னல் வைக்க முடியுமா? வேலி போட்டு மூடிடலாம். யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

"ஐயா, ஒரு நிமிசம்" என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அதுல நான் எங்க?"

"என்னது?"

அழகேசன் எழுந்து நின்றார். "அஞ்சரைன்னு போட்டிருக்கு. அஞ்சரைக்கு தெனமும் நான் அங்கதான் கயிறு புடிச்சிக்கினு நிப்பேன். படத்துல நானும் இல்ல, கயிறும் இல்ல, பொம்பளைங்களும் இல்ல. எந்த ஊரு ரோடும்மா இது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "எண்ணின தேதில நீங்க அங்க இல்லையா?"

"அந்தத் தேதி எஸ்டேட் ஷட்டவுன் ஆச்சே. அன்னிக்கு எனக்கு அங்க இன்னா வேல? திருவிழா பந்தோபஸ்துக்குப் போட்டாங்க."

அகல்யா ஜஸ்டினைப் பார்க்காமலேயே இரண்டாவது படத்தைத் திறந்தாள். "சார், இதையும் பாத்துடுங்க. நானூறு பேரு விட்டா இப்படி ஆகும்."

பார்த்தார்கள். புள்ளிகள் வந்து குவிந்து நின்றன.

"நானூறுன்னு யார் எண்ணினது?"

"யாரும் எண்ணல சார். எங்கம்மா அங்க வேலை செய்றாங்க. அவங்க சொன்னது. அதனாலதான் திரும்ப எண்ணணும்னு கேக்கறேன்."

ஜஸ்டின் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"ஏன் யாருமே கடக்கல? நின்னுட்டே இருக்காங்க?"

"இதுல கயிறு இல்ல சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "சரி. அடுத்த வியாழன் திரும்ப எண்ணுங்க. அஞ்சரையிலிருந்து ஆறரைக்குள்ள நூத்தம்பது பேருக்கு மேல கடந்தா சிக்னல். இல்லேன்னா வேலி. அதுக்கு மேல பேச்சே கிடையாது." பிறகு ஏட்டைப் பார்த்துச் சொன்னார்: "எண்ணற அன்னிக்கு இந்தக் கயிறு கியிறெல்லாம் வேண்டாம். இயல்பா என்ன நடக்குதோ அதுதான் பதிவாகணும்."

கயிறு இல்லாமல் யார் கடப்பார்கள் என்று அகல்யா வாயைத் திறப்பதற்குள் அதிகாரி எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை மின்தடை இல்லை என்று மூன்று முறை விசாரித்துவிட்டு, ஐந்து மணிக்கே போய் நின்றாள். கம்பத்தில் கேமரா கட்டியிருந்தது. ஜம்புலிங்கம் கீழே நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மிக்சர் தின்றார். ஏட்டு தன் பைக்கில் சாய்ந்து, இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தார். கயிறுகள் வழக்கம்போல ரோட்டில் கிடந்தன.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. மூன்று வாசலிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். தூக்குப்பை, டிபன் பை, தலையில் ரப்பர் தூசி. வந்து ரோட்டோரம் நின்று ஏட்டைப் பார்த்தார்கள். ஏட்டு வானத்தைப் பார்த்தார்.

"இன்னா ஏட்டு, கயித்த புடி."

"இன்னிக்கு புடிக்கக் கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு."

"மேலிடத்துக்கு ஊட்டுல அடுப்பு பத்த வைக்கிற வேல இல்ல போல."

"அந்த மேலிடத்த இங்க வந்து கிராஸ் பண்ணச் சொல்லு, பாப்போம்."

கன்டெய்னர் லாரி, தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், இடுக்கில் பைக். இடைவெளியே விழவில்லை. இரண்டு பெண்கள் துணிந்து ஓடினார்கள்; ஒரு பைக்காரன் திட்டிக்கொண்டே உரசிப் போக, பாதியில் திரும்பி வந்தார்கள். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஆறு ஆயிற்று. பின்னால் வருகிறவர்கள் முன்னால் நிற்கிறவர்களை நெருக்க, கூட்டம் தார் ரோட்டின் விளிம்பில் பிதுங்கியது.

இந்தக் காட்சியை அகல்யா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அவளே செய்த படம்.

"எத்தினிண்ணே?"

"ஒம்பது" என்றார் ஜம்புலிங்கம்.

"இத்தினி பேரு நிக்கறாங்களே, தெரியல?"

"கோட்டத் தாண்டுனாத்தான்மா கேமரா எண்ணும். நிக்கறத எண்ணாது. நின்னா அதுக்கு மரமும் ஒண்ணுதான், மனுசனும் ஒண்ணுதான்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சரசா வந்தாள். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னாடி, உன் வேலையா இது? கம்ப்யூட்டர்ல குந்திக்கினு எங்களுக்கு வழி பண்ணுவன்னு பாத்தா, இருந்த கயித்தையும் புடுங்கிக்கினியே. ஆறு மணி பஸ் போச்சு, ஏழு மணி பஸ்ஸையும் உட்டா நான் எப்பப் போயி ஒல வைக்கிறது?"

அகல்யா மணியைப் பார்த்தாள். ஆறு ஐந்து. இருபத்தைந்து நிமிஷத்தில் கேமரா நின்றுவிடும். ஒன்பது பேர் என்று எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, வேலி வந்துவிடும். அப்புறம் அம்மா கால்வலியோடு ஒன்றேகால் கிலோமீட்டர் போய், மறுபடி அதே தூரம் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி வரவேண்டும். இல்லாவிட்டால் எல்லோரையும் போல வேலி ஏறிக் குதிக்கவேண்டும்.

அவள் ஏட்டிடம் போனாள். "அண்ணே, நீங்கதானே புடிக்கக் கூடாது?"

"ஆமா."

"நான் புடிச்சா?"

அழகேசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலேயே, காலடியில் கிடந்த கயிற்றின் முனையை பூட்ஸால் அவள் பக்கம் தள்ளினார். "கைய காட்டு. லாரி நின்னப்புறம் தூக்கு. முன்னாடியே தூக்குன, கயித்தோட உன்னையும் இட்டுக்கினு பூந்தமல்லி போயிடுவான்."

ஈரமும் கிரீஸும் கலந்து கயிறு பாம்பு மாதிரி வழுக்கியது. அகல்யா ஒரு காலை ரோட்டில் வைத்துக் கையைத் தூக்கினாள். கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. இந்த நேரத்தில் இங்கே கயிறு கிளம்பும் என்று தினசரி வருகிறவனுக்குத் தெரியும். பிரேக் சீறி, அவளுக்கு நாலு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "எம்மா, ஏட்டு பூட்டாரா, நீ வந்துகீற?"

"உசுரோடதான்யா கீறேன், நில்லு" என்றார் பைக்கில் சாய்ந்திருந்த அழகேசன்.

அகல்யா கயிற்றைத் தூக்கி இழுத்துப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. பெண்கள் இறங்கினார்கள். நடு இடைவெளி நிரம்பியது. அங்கே அந்தப் பக்கக் கயிற்றைத் தூக்க ஆள் இல்லை. அவள் கத்துவதற்குள் சரசா புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தூக்குப்பையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக வாஷர் சீவிய கையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு தண்ணீர் லாரி, ஒரு கார், பின்னால் ஒரு கம்பெனி பஸ், நின்றன. கயிறு எழுந்தது. மூன்று நிமிஷத்தில் ரோட்டின் இந்த ஓரம் காலியாகிவிட்டது.

மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஜம்புலிங்கம் சொன்னார்: "நானூத்தி இருவத்தாறு. இப்ப எண்ணுதும்மா."

புதிய எண்ணிக்கையை வைத்து அகல்யா படத்தைத் திரும்பச் செய்தாள். கயிற்றுக்கு மென்பொருளில் இடம் இல்லை. இரண்டு வெள்ளைக் கோடு வரைந்து, கோடு எழும்போது வண்டி நிற்கவேண்டும் என்று அவளே எழுதிச் சேர்த்தாள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு பெண் பொம்மை.

ஜஸ்டின் குனிந்து பார்த்தார். "இப்பப் பஸ் நல்லா இருக்கு. இந்த ரெண்டு பொம்பளைங்க யாரு? விதியில இல்லாதது. எடுத்துடுங்க, பாக்க நல்லா இல்ல."

அகல்யா பொம்மைகளோடு கோட்டையும் அழித்தாள். ஓடவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஐந்தரை ஆயிற்று. புள்ளிகள் வந்து நின்றன. கீழே பிரஸ் அடித்தது, எல்லாப் புள்ளிகளும் ஒருமுறை குலுங்கின, நகரவில்லை.

"ஓட்டி விடுங்க" என்றார்.

"ஓடிட்டுத்தான் இருக்கு சார். ஆறரை வரைக்கும் இப்படியேதான். பாத்துட்டே இருங்க."

ஆறு மணி வரை பார்த்தார். "சரி, இருக்கட்டும். போட்டுடுங்க."

பதினைந்து நாளில் சிக்னலுக்கு உத்தரவு வந்தது. வேலி இல்லை. சாயங்காலம் அகல்யா வீட்டில் சொன்னபோது சரசா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உத்தரவு வந்துச்சு சரி. கம்பம் எப்ப வரும்?"

"டெண்டர் விடணும். ஆறு மாசம் ஆகும்ன்றாங்க."

"ஆறு மாசமா?" சரசா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "அதுவரைக்கும் கயித்துல கைய வைக்காம இருக்கச் சொல்லு உங்க ஆபீசர. நாளைக்கு ஏட்டு லீவு. நான்தான் புடிக்கணும்."